செவ்வாய்க்கிழமைப் பாட்டு

எனக்கு ஐந்து மொழிகளில் பாடத் தெரியும். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது என் வழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போவதற்குள் அவசரமாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவிதான் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். "இவருக்கு அஞ்சு மொழியில காதலிக்கத் தெரியும். ஒரு மொழியிலயும் உப்பு கேட்டு வாங்கத் தெரியாது" என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பேன். அவள் விளையாட்டுக்குச் சொன்னது அப்பட்டமான உண்மை என்று எனக்கு உறைக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். பத்துப் பன்னிரண்டு ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் எங்களிடம்தான் வரும். ஒரு ஓரம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் ட்ரையர்கள், கடைசியில் ரோலர். ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு மேலான சூடான உருளை. ஈர விரிப்பை அந்தப் பக்கம் ஒருவர் கொடுத்தால் இந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. நீளவாக்கில் ஒரு மடிப்பு, ஒரு உதறல், இன்னொரு மடிப்பு, பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் நடந்து வந்து ஒருவர் கையிலிருக்கும் முனையை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு விரிப்பு. பதினொரு வருஷமாக எனக்கு எதிர்முனையைப் பிடித்தவர் அக்கா.

அக்கா என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அவருடைய நாடு வேறு, மொழி வேறு. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், நல்ல உயரம், எதற்கும் அவசரப்படாத ஆள். கூடத்தில் நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஆறு நாடு. வேலை செய்கிற ஊரின் மொழியை ஆளுக்கொரு விதமாகக் கொத்திக் குதறித்தான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அதில் அக்காவின் பேச்சு எனக்கு நன்றாகப் புரியும். என் பேச்சும் அவருக்குப் புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

முன்பெல்லாம் அவரவர் போனில் அவரவர் பாட்டைப் போட்டு, ஒரே இரைச்சலாக இருந்தது. ஒருநாள் அது கைகலப்பு வரைக்கும் போனதும் சூப்பர்வைசர் ஒரு ஸ்பீக்கர் வாங்கி ட்ரையருக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். எந்நேரமும் கஞ்சி போட்ட சட்டையில் இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சி. கஞ்சி போட்ட சட்டம் இதுதான். ஆறு நாள், ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாள். அடுத்தவர் நாளில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அப்படித்தான் செவ்வாய்க்கிழமை அக்காவுக்கும் புதன்கிழமை எனக்கும் வந்தது.

முகம் சுளிக்கக் கூடாது என்றுதானே சட்டம், கூடப் பாடக் கூடாது என்று இல்லையே. எனக்கு ஒரு பாட்டை நாலு தடவை கேட்டால் போதும், பொருள் தெரியாவிட்டாலும் ஓசை அப்படியே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். திங்கள்கிழமைக்காரர் பாட்டு, வியாழக்கிழமைக்காரர் பாட்டு எல்லாவற்றையும் பாடுவேன். ரேடியோ என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் அக்காவின் பாட்டுகளைத்தான் பொருள் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மடிக்கும்போது எதிரே நிற்கிற ஆள் அவர்தானே.

அவர் சொல்லித்தந்த விதம் வேடிக்கையாக இருக்கும். இரண்டு கையிலும் விரிப்பின் முனை இருப்பதால் முகத்தாலும் தோளாலும்தான் சொல்ல முடியும். நிலாவுக்கு முகவாயைத் தூக்கிக் கூரையைக் காட்டுவார். ஆற்றுக்கு, பிடித்திருக்கும் விரிப்பையே அலை அலையாக ஆட்டுவார். போகாதே என்பதற்கு ரோலரின் சிவப்புப் பொத்தானைக் காட்டுவார். ஒரு சொல் மட்டும் பாட்டுக்குப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டபோது விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, ட்ரையரில் ஓடிக்கொண்டிருந்த நிமிஷ முள்ளைக் காட்டி, துவாலைக் கூடைமேல் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். முள் சுற்றி முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. ட்ரையர் மணி அடித்ததும் எழுந்து வந்து விரிப்பை எடுத்தார். காத்திரு. அந்தச் சொல்லை நான் மறக்கவே முடியாது.

அவரும் என் புதன்கிழமைப் பாட்டுகளிலிருந்து சிலதைப் பொறுக்கிக்கொண்டார். அதில் ஒரு சொல் அவருக்குப் பிடித்துப்போய், அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து என்னை ரேடியோ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "தம்பி" என்பார். த-வை அழுத்தி, பி-யை நீட்டி.

இப்படியே எனக்கு அவர் மொழி தெரியும் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். நாற்பது பாட்டு மனப்பாடம். ஆண்டு விழாவில் ஒருமுறை நான் எழுந்து நின்று பாடியபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மொழி நம்ம ரேடியோவுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று கஞ்சி எல்லாரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. எதற்கு மறுக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அது நடந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். காலை பத்தரை இருக்கும். ஸ்பீக்கரில் அவர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வலது கையிலிருந்து முனை நழுவி விரிப்பு தரையில் விழுந்தது. பதினொரு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு விரிப்பு விழுந்து நான் பார்த்ததில்லை. "என்னக்கா, ராத்திரி தூங்கலையா?" என்று சிரித்தேன். அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். மெதுவாக, இழுத்து. பாடுகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டின் அடுத்த வரியை எடுத்து, அவருக்குப் பதிலாக நான் பாடினேன்.

நான் அந்த வரியைப் பாடி முடிப்பதற்குள் அக்கா சரிந்து துவாலைக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கஞ்சிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் ஆகிவிட்டது. கஞ்சியும் நானும் கூடவே போயிருந்தோம். டாக்டரம்மா இளவயதுக்காரர், கண்ணுக்குக் கீழே கருவளையம், ஆனால் பொறுமையாகப் பேசினார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. அதைவிட விசித்திரமான ஒன்றையும் சொன்னார். அக்காவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் பின்னால் கற்றுக்கொண்ட மொழி போய்விட்டது. சொந்த மொழி மட்டும்தான் இருக்கிறது.

"அந்த மொழி தெரிஞ்ச எங்க ஆள் நாளைக்குக் காலையிலதான் போன்ல கிடைப்பாங்க. அதுவரைக்கும் தள்ளிப்போட முடியாது, இப்பவே ஒரு முடிவு எடுக்கணும்" என்றார். "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணலாம். பிழைச்சா நல்லா பிழைக்கலாம். முழிக்காமலே போகவும் வாய்ப்பிருக்கு. இல்லன்னா நாளைக்கு வரைக்கும் மருந்துல வெச்சுப் பார்க்கலாம், அதுலயும் ஆபத்து இருக்கு. எது வேணும்னு அவங்கதான் சொல்லணும். உறவுக்காரங்க யாராவது?"

கணவர் இல்லை, மகன் ஒருவர்தான், அவரும் வேறு நாட்டில். கஞ்சி அதற்குள் அவருக்குப் போன் போட்டிருந்தார். மகன் உடனே விமானம் ஏறுவதாகவும் மறுநாள் மத்தியானம் வந்துசேர்வதாகவும் சொன்னார். கஞ்சி அந்தப் போனை அக்காவின் இடது காதில் வைத்ததை நான் பார்த்தேன். மகன் என்ன பேசினாரோ, அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். இப்போது திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது, அவர் விமானம் ஏறிவிட்டிருந்தார். மகன் வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

"மொழிக்கு என்ன கவலை டாக்டர்" என்று கஞ்சி என் தோளில் தட்டினார். "நம்ம ஆளு இருக்காரே. அவங்க மொழி இவருக்குத் தண்ணி பட்ட பாடு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. "ரொம்ப நல்லதாப் போச்சு. நான் சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க. இன்னைக்கா, நாளைக்கா, கேளுங்க."

நான் கட்டிலருகே போய்க் குனிந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். தலை, ரத்தம், ஆபரேஷன், ஆபத்து, சம்மதம், இன்றைக்கு, நாளைக்கு. நாற்பது பாட்டையும் உள்ளுக்குள் புரட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. நிலா இருந்தது, ஆறு இருந்தது. பாட்டெழுதியவன் எவனும் ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லை போலிருக்கிறது. பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், எதையாவது சொல்லியாக வேண்டும். பாட்டு வரிகளிலிருந்து பிய்த்து, பயப்படாதே, விடிந்துவிடும், நான் உன் அருகில் இருக்கிறேன் என்று அவர் மொழியில் சொன்னேன். காதலன் சொல்கிற வசனம். அக்காவின் வாயின் நல்ல பாதி கொஞ்சம் சிரித்தது.

பிறகு அவர் பேசினார். நீளமாக ஒரு வாக்கியம், நிறுத்தி, அதையே சேர்த்துக்கொண்டு இன்னொன்று. குழறல் இருந்தாலும் ஒவ்வொரு அசையும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல் அதில் இரண்டு முறை வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய கண் எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்துக்குப் போனது. கடைசியில் என்னைப் பார்த்து, "தம்பி" என்று முடித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டரம்மா.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான் புரிகிறது, அது காத்திரு என்ற சொல் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும் தினமும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது. அன்று வரவில்லை. கஞ்சி பக்கத்தில் நின்றார். பதினொரு வருஷமாக மொழி தெரியும் மொழி தெரியும் என்று தம்பட்டம் அடித்தவன் நான். அதோடு, தள்ளிப்போட்டால் அக்கா செத்துப்போவார் என்று பயமும் இருந்தது. இன்றைக்கே செய்தால் பிழைத்துவிடுவார், பிழைத்த பிறகு என்னைத் திட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பயத்தையும் வெட்கத்தையும் அந்த இடத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"சரிங்கிறாங்க" என்றேன். "இன்னைக்கே பண்ணச் சொல்றாங்க."

நர்ஸ் அக்காவின் இடது கையில் பேனாவைக் கொடுத்துக் காகிதத்தை நீட்டினார். அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தான் சொன்னதை நான் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற பார்வை அது. நான் தலையை ஆட்டினேன். அவர் ஒரு கோடு இழுத்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது, கதவைத் தாண்டும்வரை அவர் கண் அந்தக் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

ஆபரேஷன் நடந்தது. அக்கா கண் விழிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் மகன் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வந்தார். மூன்று நாள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார் என்று கஞ்சி சொன்னார். நான் போகவில்லை. நாலாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்களாலதான் அவங்க ஆசைப்பட்டபடி நடந்துச்சு" என்று கஞ்சிகூடச் சொன்னார்.

அக்கா சொன்ன அந்த இரண்டு வாக்கியமும் என்னைவிட்டுப் போக மறுத்தன. ஓசையைப் பிடித்து வைத்துக்கொள்கிற காது எனக்கு. நாலு தடவை கேட்க வேண்டியதை அன்று ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. பொருள் தெரியாமல், ஒரு அசை பிசகாமல், ஏற்ற இறக்கத்தோடு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ரோலருக்கு முன்னால் நிற்கும்போது ஓடும், குளிக்கும்போது ஓடும். ஒருநாள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"புதுப் பாட்டா?" என்றாள். "நாலஞ்சு நாளா இதையே முணுமுணுக்கிறீங்க. கடைசியில தம்பின்னு வருதே, நம்ம பாட்டா?"

"இல்ல. அக்கா பாட்டு."

"நல்லாருக்கு. என்ன அர்த்தம்?"

"தெரியல" என்றேன். இந்தச் சொல் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கரை யாரும் தொடவில்லை. மெஷின் சத்தம் மட்டும்தான். பதினோரு மணிவாக்கில் மகன் வந்தார், அக்காவின் அலமாரியிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போக. முப்பது வயதிருக்கும், அக்காவின் அதே உயரம், அதே நிதானம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கம்பளிச் சட்டை, வேலைக்கான செருப்பு, சீப்பு, கைக்கண்ணாடி. அவர் கொண்டுவந்த பெரிய பை பாதிகூட நிறையவில்லை.

"இங்க எங்க பாட்டையெல்லாம் பாடற ஒருத்தர் இருக்காராமே" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானா? அம்மா போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. உச்சரிப்பு படுமோசம், ஆனா ராகம் தப்பாதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க." சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அப்படியே விட்டிருந்தால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்த இரண்டு வாக்கியமும் என்னுடையவை அல்ல. அவருக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாலும் பரவாயில்லை என்று, துணிவண்டி வந்து நிற்கும் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சத்தம் குறைவு.

"ஆஸ்பத்திரியில உங்க அம்மா கடைசியாப் பேசினது என்கிட்டதான்" என்றேன். "நான்தான் டாக்டருக்கு எடுத்துச் சொன்னேன். ஆனா எனக்கு உங்க மொழி தெரியாது. பாட்டுதான் தெரியும். அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியாமலே, சரிங்கிறாங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"பேசினது அப்படியே மனசுல இருக்கு. சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். அக்கா நிறுத்திய இடத்தில் நிறுத்தி, இழுத்த இடத்தில் இழுத்து. அந்தக் குழறலைக்கூட விட எனக்குத் தெரியவில்லை. பாதியிலேயே அவர் கை நீண்டு சுவரைப் பிடித்துக்கொண்டது. முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். அம்மாவின் குரலை என் வாய்க்குள் தேடுகிற மாதிரி இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் பேசினார். "கடைசியில ஒரு சொல் வருதே. அது எங்க மொழி இல்லையே."

"அது எங்க மொழி. தம்பின்னா, கூடப்பிறந்த சின்னவன். என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தயாராக இருந்தேன். நீ கொன்றுவிட்டாய் என்று சொல்வார், சொல்லட்டும். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்த என் கைகளுக்கு வந்தது. உள்ளே ரோலர் ஒரு விரிப்பைத் தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்துக்கொண்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"‘எனக்குப் பயமில்ல. டாக்டர் சொல்றபடியே இன்னைக்கே பண்ணட்டும்’னு சொல்லியிருக்காங்க" என்றார். "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

நாற்பது பாட்டிலும் வருகிற சொல். நிமிஷ முள்ளைக் காட்டி, கூடைமேல் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை எழாமல் எனக்குக் கற்றுத்தந்த சொல். அது இரண்டு முறை வந்தது. இப்போது அவர் சொன்னதில் அது ஒருமுறைகூட இல்லை.

"அப்படியா" என்றேன்.

"அப்படித்தான்" என்றார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார். தெருமுனையில் அவர் நின்று, சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மா சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. எனக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.